டாக்டர் எப்பம்மா வருவாரு?

இரவு எட்டு மணி. வாங்க, வாங்க, சீக்கிரம்! கதவு தானாக மூடிக்கொள்ளும், விரலை வைத்துவிடாதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. இது தியேட்டர் இல்லை, எமர்ஜென்சி. கழற்றினால் விடியும்போது ஜோடியில் ஒன்றுதான் மிஞ்சும். அதோ, ஆக்சிஜன் சிலிண்டருக்கும் அந்த மஞ்சள், சிவப்புக் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நிற்க இடம் இருக்கிறது. அங்கே நின்றால் எல்லாம் தெரியும், யாரிடமும் மிதிபட மாட்டீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. "என்ன, இன்னிக்கு கூட்டமே இல்லையே" என்று மட்டும் இந்த அறைக்குள் சொல்லக் கூடாது. போன மாதம், புதிதாகச் சேர்ந்த டியூட்டி டாக்டர் தம்பி சொன்னான். சொல்லி வாயை மூடுவதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ கவிழ்ந்து ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் சிஸ்டர் முதலில் அவன் வாயைத்தான் பார்க்கிறார். நான் அறிவியல் படித்தவள், இதையெல்லாம் நம்ப மாட்டேன். ஆனால் சொல்லவும் மாட்டேன்.

நான் இங்கே அவசர சிகிச்சை மருத்துவர். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர், நடுத்தர அளவில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் இங்கேதான் வேலைக்கு வர வேண்டும். படித்ததும் அடிபட்டுக் கற்றதும் அரசு மருத்துவக் கல்லூரியில். இந்தியாவில் அவசர மருத்துவத்தைத் தனி மேற்படிப்பாக மருத்துவ கவுன்சில் ஏற்றுக்கொண்டதே 2009-ல்தான். அதற்கு முன்னால் 'கேஷுவாலிட்டி' என்பது, வேறு துறைகளிலிருந்து முறை போட்டு யாரையாவது உட்கார வைக்கும் இடம். அதனால் என் அத்தைக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "நீ எதுக்கும்மா ஸ்பெஷலிஸ்ட், இதயத்துக்கா, எலும்புக்கா?" "எமர்ஜென்சிக்கு அத்தை." "அது சரி, ஸ்பெஷலிஸ்ட் எப்ப ஆவ?"

அத்தையாவது பரவாயில்லை. நாடி பார்த்து, ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, மூச்சுத் திணறியவரை எழுப்பி உட்கார வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கூட வந்த பெரியவர் கேட்பார்: "எல்லாம் நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர். டாக்டர் எப்பம்மா வருவாரு?" டியூட்டி டாக்டர் தம்பி மூலையில் சிரிப்பான். அவனுக்கு ஒரு மாதத்திலேயே 'பெரிய டாக்டர்' பட்டம் கிடைத்துவிட்டது. மீசை இருக்கிறதே.

சரி, வாசல் மேசையைப் பாருங்கள். இங்கேதான் முதல் சண்டை நடக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வருகிறவர்களைப் பிரிப்பது அங்கே. இந்தப் பிரிக்கிற வேலைக்கு டிரையாஜ் என்று பிரெஞ்சுப் பெயர். நெப்போலியனின் படையில் இருந்த டொமினிக் லாரே என்ற அறுவை மருத்துவர், காயம் பட்டவன் தளபதியா சிப்பாயா என்று பார்க்காமல், யாருக்கு ஆபத்து அதிகமோ அவனை முதலில் தூக்கு என்றார். இருநூறு வருஷம் ஆகிவிட்டது. நம் வாசலில் இன்னும், "நாங்கதான் முதல்ல வந்தோம், டோக்கன் நம்பர் பாருங்க!" ரேஷன் கடை நியாயம் இங்கே தலைகீழ். நீங்கள் வந்தவுடன் நான்கு பேர் ஓடிவந்து உங்களைச் சூழ்ந்துகொண்டால் அதுதான் கவலைப்பட வேண்டிய சங்கதி. அரை மணி காக்க வைத்தால் வீட்டுக்குப் போய்ச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஷ்ஷ்... அவரைப் பாருங்கள். கையில் ஸ்கூட்டர் சாவி, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, தனியாக நடந்து வருகிறார். "ஒண்ணுமில்ல டாக்டர், கேஸ் ட்ரபிள். ஒரு ஊசி போட்டீங்கன்னா போயிடும்."

கேஸ்! தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு இன்னொரு பெயர் கேஸ். மத்தியானம் நெஞ்சு கரித்தபோது மெடிக்கலில் மாத்திரை. அப்புறம் பெட்டிக்கடையில் பன்னீர் சோடா. மூன்று மணிக்குத் தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி. ஐந்து மணிக்கு இன்னொரு கடையில் வேறு நிறத்தில் ஒரு திரவம். நான்கு இடத்திலும் காசு வாங்கியிருக்கிறார்கள், ஒரு இடத்திலும் ஈசிஜி எடுக்கவில்லை. நெஞ்சு வலி என்று வந்தால் 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் அரிச்சுவடி. சிஸ்டர் நான்கு நிமிஷத்தில் பேப்பரை நீட்டுகிறார். கோடு நல்ல பாம்பு மாதிரி படமெடுத்து நிற்கிறது. சந்தேகமே இல்லை, ரத்தக் குழாய் முழுசாக அடைத்திருக்கிறது.

இப்போது நடப்பதைக் கண் இமைக்காமல் பாருங்கள், எனக்கு இன்னும் புல்லரிக்கும் காட்சி இது. ஒருவர் ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுக்கிறார், ஒருவர் நரம்பு பிடிக்கிறார், ஒருவர் அடைப்பைத் திறக்கும் கேத் லேபுக்கு போன் அடிக்கிறார், ஒருவர் சட்டையைக் கழற்றுகிறார். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. வாசலில் காலை வைத்ததிலிருந்து 90 நிமிஷத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்ற கடிகாரம் எல்லார் தலைக்குள்ளும் ஓடுகிறது. மனிதர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சொல்கிறார்: "வண்டிய லாக் பண்ணாம வந்துட்டேன்மா." செக்யூரிட்டி அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு ஓடுகிறார். அதுவும் சிகிச்சைதான்.

உயிருக்குப் போராடுகிறவனை முதலில் பார், தாளை அப்புறம் நிரப்பு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 2004-ல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் கமல் வகுப்பறையில் இதையே கேள்வியாகக் கேட்டபோது தியேட்டரே கைதட்டியது. இன்றைக்கு நாங்கள் முதலில் பார்த்துவிடுகிறோம், அதில் குறையில்லை. ஆனால் அடைப்பு திறக்கிற அதே நேரத்தில், கீழே கவுன்ட்டரில், மூச்சிரைக்க ஓடிவந்த மகனிடம் "அட்வான்ஸ் எவ்ளோ கட்டுறீங்க?" என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளைத் திட்டாதீர்கள். கேட்காவிட்டால் அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அடுத்து, பின்பக்கம் வாருங்கள். பார்வையாளர்களுக்குக் காட்டாத இடம். எட்டாம் நம்பர் திரைக்குப் பின்னால் ஒரு பாட்டி. நிமோனியா. காலை பதினொரு மணிக்கு வந்தார், பன்னிரண்டுக்கே சிகிச்சை எழுதி, ஐ.சி.யூ.வுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. மணி இப்போது இரவு ஒன்பது, இன்னும் இங்கேயே இருக்கிறார். அவர் பக்கத்தில் இன்னும் மூன்று பேர், அதே கதை.

எமர்ஜென்சியில் கூட்டம் ஏன் என்று யாரைக் கேட்டாலும், "எல்லாரும் சும்மா சும்மா வந்துடறாங்க" என்பார்கள். தப்பு! பாத்திரம் கழுவுகிற சிங்க்கில் தண்ணீர் நிற்கிறது என்றால் குழாயையா திட்டுவீர்கள்? அடைப்பு கீழே இருக்கிறது. சளி, காய்ச்சல்காரரைப் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடலாம். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்கள், மேலே கட்டில் கிடைக்காத நிஜ நோயாளிகள்.

மேலே ஏன் கட்டில் இல்லை? ரகசியமாகச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஐ.சி.யூ.வில் தேறியவரை வார்டுக்கு மாற்ற வேண்டும். வார்டில் 304-ம் அறையில் ஒருவர் குளித்து, புதுச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி இட்டு, பையெல்லாம் கட்டிவைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். காலை பத்து மணிக்கே டிஸ்சார்ஜ். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடைசி ஒப்புதல் மெயில் வரவில்லை. 3 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் விதியே போட்டிருக்கிறது. எங்கள் பக்கமிருந்து பில் போய்ச் சேர்வதே சாயங்காலம் என்றால் அவர்களை மட்டும் என்ன சொல்ல? ஆக, விபூதி இட்ட மனிதர் வீட்டுக்குப் போனால் ஐ.சி.யூ.காரர் வார்டுக்கு வருவார். அவர் வந்தால் பாட்டி மேலே போவார். பாட்டி போனால் நம் ஸ்கூட்டர் சாவிக்காரர் மாதிரி அடுத்து வருகிறவருக்கு ஒரு கட்டில். மொத்தச் சங்கிலியும் ஒரு மெயிலில் தொங்குகிறது!

இது நம்மூர்க் கோளாறு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2022-ல் வந்தது. கட்டிலுக்காக 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எமர்ஜென்சியில் காக்கவைக்கப்படும் ஒவ்வொரு 82 பேருக்கும் கூடுதலாக ஒரு மரணம் என்பது அதன் கணக்கு. நான் அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து திரைகளை எண்ணும் பழக்கம் வந்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒரு காலிக் கட்டில். அக்கவுன்ட்ஸ் மாடிக்குப் போய்க் கேட்டால், காலிக் கட்டில் என்பது நஷ்டம். ஓட்டலில் காலி மேசை மாதிரி. தீயணைப்பு நிலையத்தில் வண்டி சும்மா நிற்பதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை, இங்கே எழுதுகிறார்கள். பாட்டியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன், இருங்கள்.

பத்தரை ஆகிறதா? ஓரமாக ஒதுங்குங்கள், அலை வருகிறது. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுவார்கள். அரை மணியில் எங்கள் கதவு திறக்கும். பஞ்சாங்கம் தப்பினாலும் இது தப்பாது. 108 வந்து நிற்கிறது. அதை ஓட்டுகிறவருக்கு என்ன பதவி தெரியுமா? பைலட்! நிஜமாக, அதிகாரப்பூர்வமாக, பைலட். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த சேவை. சந்து பொந்தில் ரிவர்ஸ் எடுத்து, கல்யாண ஊர்வலத்தைப் பிளந்து வருகிற அந்த அண்ணன்களுக்கு அந்தப் பட்டம் தகும்.

பைக்கில் விழுந்த பையன். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்க் மேல். டேங்குக்குக் கீறல்கூட இல்லை. 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியதிலிருந்து, சாலை விபத்தில் முதல் 48 மணி நேரத்துக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசே செலவை ஏற்கிறது. தொடங்கும்போது 1 லட்சம் ரூபாய் வரை என்றார்கள். எந்த ஊர்க்காரர், கார்டு இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. அந்தத் திட்டம் வந்த பிறகு என் வேலையில் ஒரு பெரிய மாற்றம். "காசு இல்லம்மா, ஜி.எச்.சுக்கே கொண்டு போயிடறோம்" என்று பாதி ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு ஓடுவது குறைந்திருக்கிறது. நல்லதைச் சொல்ல வேண்டுமில்லையா.

அந்தப் பையனைத் தூக்கிவந்து ஏற்றிவிட்ட டீக்கடைக்காரர் வாசலில் திருடன் மாதிரி நழுவப் பார்க்கிறார். போலீஸ், கோர்ட்டு, அலைச்சல் என்ற பயம். ஐயா, நில்லுங்கள்! 2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் உங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டன. விருப்பம் இல்லையென்றால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் நான் எழுதிக்கொள்கிறேன், நீங்கள் போய்க் கடையைத் திறங்கள்.

அலையோடு ஒரு பதினாறு வயது. மாடிப்படியில் சறுக்கிக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. நான் எலும்பை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, "நாலு அடி நடந்து காட்டு" என்கிறேன். நொண்டி நொண்டி நடந்துவிட்டான். எக்ஸ்ரே வேண்டாம், சுளுக்குத்தான். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. எக்ஸ்ரே எடுக்காத டாக்டர் என்ன டாக்டர்!

இந்த நாலு அடிக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், எனக்குப் பிடித்த கதாநாயகன். இயன் ஸ்டீல், கனடாவின் ஒட்டாவாவில் எமர்ஜென்சி டாக்டர். 1992-ல் கணுக்காலுக்கு யாருக்கெல்லாம் எக்ஸ்ரே தேவையில்லை என்று கண்டுபிடித்து விதி வகுத்தார். 2001-ல் தலைக்காயத்துக்கு, எந்தப் பெரியவர்களுக்கு சி.டி. எடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. எடு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கும் உலகத்தில், எடுக்காதே என்று நிரூபிக்க ஒருவர் ஆயுளைச் செலவழித்திருக்கிறார், பாருங்கள்! ஒரு தலை சி.டி.யில் உடம்புக்குள் போகும் கதிர்வீச்சு ஏறக்குறைய நூறு மார்பு எக்ஸ்ரேக்குச் சமம்.

ஆனால் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். அதிகாலை மூன்று மணிக்கு, தலையில் சின்னப் புடைப்போடு வந்து, வாந்தி இல்லாமல், மயக்கம் இல்லாமல், கதை பேசிக்கொண்டிருந்தவருக்கு நானும் சி.டி. எழுதியிருக்கிறேன். ஏன் வேண்டாம் என்று ஐந்து சொந்தக்காரர்களுக்கு விளக்கக் கால் மணி நேரம். எழுதிக் கையெழுத்துப் போட ஐந்து விநாடி. அந்தக் கால் மணி நேரத்துக்கு எந்தச் சாஃப்ட்வேரிலும் ஒரு கட்டணம் கிடையாது, சி.டி.க்கு இருக்கிறது. எங்கள் பில்லிங் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டேன். கையுறைக்கு பில்லிங் கோடு நம்பர் இருக்கிறது, பஞ்சுக்குக் கோடு இருக்கிறது. 'உட்கார்ந்து பேசியது' என்பதற்குக் கோடு இல்லை. பில் போட முடியாத வேலைக்குத்தான் எங்கும் ஆள் இல்லை. நவீன மருத்துவத்தின் கோளாறு என்ன என்று ஒரே வரியில் கேட்டால் என் பதில் அதுதான்.

ட்ரிப்ஸ் கதை தெரியுமா? "உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பா இருக்கும்." 500 மில்லி சலைன் பாட்டிலில் இருப்பது தண்ணீரும் நாலரை கிராம் உப்பும். அதே அளவு குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. சாப்பிட முடிகிறவருக்கு இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் ரசமும் போதும், ருசியாகவும் இருக்கும். இட்லி எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை இங்கே வர மாட்டார், பாட்டில் ஏற்றும் கிளினிக்கைத் தேடிப் போவார். அங்கே கூடவே ஒரு ஆன்டிபயாடிக்கும் கிடைக்கும். கண்டபடி ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று நாட்டுக்கே வழி சொன்ன பிரகடனம் 2012-ல் நம் சென்னையில் வெளியானது, பெயரும் சென்னைப் பிரகடனம்தான். அண்ணா சாலையைத் தாண்டி அது எத்தனை தூரம் போயிற்று என்பதை என் ஐ.சி.யூ. நண்பர்களிடம் கேட்டால் பெருமூச்சுதான் பதில்.

பன்னிரண்டு மணி. அழுகைச் சத்தம்! பயப்படாதீர்கள், இது நல்ல கேஸ். மூன்று வயதுக் குட்டி, வலது மூக்கில் பாசிமணி. மணி பளபளவென்று தெரிகிறது. ஆனால் கருவியைப் பார்த்தாலே குழந்தை வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறது. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்கிறேன். அம்மா குழந்தையை மடியில் போட்டு, இடது மூக்கை விரலால் மூடி, வாயோடு வாய் வைத்து, முத்தம் கொடுப்பதுபோல ஒரே ஊது. டப்! மணி தெறித்து டியூட்டி டாக்டர் தம்பியின் சட்டையில். வார்டே கைதட்டுகிறது. உலகமெங்கும் எமர்ஜென்சிகளில் இதற்குப் பெயரே 'அம்மாவின் முத்தம்' என்றுதான். எல்லா முறையும் பலிக்காது, முதலில் நாங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும். பலிக்கும்போது பாருங்கள், இந்த வேலையை விட்டு எங்கே போவது? பில்? பூஜ்யம். மேலாளர் நாளைக்குக் கேட்பார், "ஃபாரின் பாடி ரிமூவல்னு போட்டிருக்கலாமே மேடம்?" முத்தம் கொடுத்தது அவங்கம்மா, சார்.

டீ வந்தாச்சு, குடியுங்கள். குடிக்கும்போது ஒரு சினிமா ரகசியம். மானிட்டரில் கோடு நேராகப் போனதும் கதாநாயகன் நெஞ்சில் இரண்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து ஷாக் கொடுப்பார்களே, அது அத்தனையும் பொய். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குத்தான் ஷாக். நேர்கோட்டில் செய்ய வேண்டியது நெஞ்சை அழுத்துவது, மருந்து, மூச்சு. நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வெளிநாட்டில் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டின் தாளத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நம் தம்பி மனசுக்குள் ஒரு குத்துப்பாட்டு வைத்திருக்கிறான், எது என்று சொல்ல மாட்டேன் என்கிறான்.

இன்னொரு ரகசியத்தைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறது பாருங்கள். யாராவது அடிக்க வந்தால், வழி அடைபடாமல் நாங்கள் ஓடுவதற்கு. மருத்துவமனைகளில் வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையில், பணியில் இருந்த மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். என்னையும் ஒருமுறை ஒருவர் அறைய வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆறு மணி நேரமாக அவர் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று யாருமே உட்கார்ந்து அவரிடம் சொல்லவில்லை. கோடு இல்லாத வேலை.

நாலு மணி. அய்யோ, இதைப் பாருங்கள்! வயலிலிருந்து ஒருவர், கணுக்காலில் இரண்டு பல் தடம். அவர் மச்சான் கையில் மஞ்சப்பை. "பாம்ப கொண்டாந்திருக்கோம் டாக்டர்." செத்துவிட்டதா? "செத்த மாதிரிதான் இருக்கு." செக்யூரிட்டி அண்ணன் இதுவரை ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளாதது நாட்டுக்கு இழப்பு. (தயவுசெய்து பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தை வீணாக்காதீர்கள், கடிபட்டவரை மட்டும் கொண்டு வாருங்கள்.)

கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பு கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம், 20 நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். தயிர் மாதிரி நின்றால் நல்லது, மோர் மாதிரி ஓடினால் விஷம். கண்ணாடிதான் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும். இப்போது சுற்றிப் பாருங்கள்: சி.டி. இருக்கிறது, அல்ட்ராசவுண்ட் இருக்கிறது, டச் ஸ்கிரீனில் மின்னும் வென்டிலேட்டர் இருக்கிறது. கண்ணாடிக் குழாய்? ஸ்டோரில் மூன்று மாதமாக "ஆர்டர்ல இருக்கு." ஒரு குழாய்க்கு சில ரூபாய்தான் விலை. யாரும் பிரசென்டேஷன் போட்டு, பேனா பரிசளித்து விற்க வராத பொருள்.

சிஸ்டர் என்னைப் பார்க்கிறார். நான் சிஸ்டரைப் பார்க்கிறேன். அவர் மெதுவாகத் தன் அலமாரியைத் திறந்து, ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுக்கிறார். நான்கு கண்ணாடிக் குழாய்! சொந்தக் காசில் வாங்கி, திருட்டுப் போகாமல் ஒளித்துவைத்த கஜானா. இந்த மருத்துவமனையின் மிக நவீனமான கருவி எது என்று என்னைக் கேட்டால், அந்த அலமாரியைக் காட்டுவேன்.

இருபது நிமிஷம். சாய்க்கிறோம். மோர். கண்ணாடி விரியன். விஷமுறிவு மருந்து முதல் சுற்று 10 குப்பி ஏறத் தொடங்குகிறது. இந்தக் குப்பிக்குள் இருப்பதும் நம் பக்கத்துக் கதைதான். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978-ல் இருளர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் பிடித்துக் கறந்து கொடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு உருவாகிறது. மச்சான் கேட்கிறார்: "பொழச்சுக்குவானா சிஸ்டர்?" டாக்டர்னு கூப்பிடாவிட்டால் போகட்டும். பிழைப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குள், வழியில் எங்கும் மந்திரிக்க நிற்காமல் வந்திருக்கிறார்கள்.

ஏழே முக்கால். வெளிச்சம் வந்துவிட்டது. பாட்டிக்குக் கட்டில் கிடைத்துவிட்டது! 304-காரர் விடிந்ததும் முதல் ஆளாக வீட்டுக்குப் போனார், விபூதி கலைந்திருந்தது. ஸ்கூட்டர் சாவிக்காரர் இதயப் பிரிவு ஐ.சி.யூ.வில் காபி கேட்டு அடம் பிடிக்கிறாராம். வாசலில் கடைசியாக ஒரு அம்மா. வாய் கோணி, கை தொங்கி. பக்கவாதம். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, தூங்கி எழுந்தபோதே இப்படி. பிபி மாத்திரையை ஆறு மாதம் முன்னால் நிறுத்தியிருக்கிறார், "நல்லாத்தானே இருக்கோம்" என்று. வீடு தேடி பிபி, சுகர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து இருக்கிறது. இந்த அம்மா வீட்டுக்கும் அந்தத் தன்னார்வலப் பெண் வந்திருக்கிறாள், இவர்தான் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார். பத்து வருஷக் கதையின் கடைசி அத்தியாயம்தான் எப்போதும் என் மேசைக்கு வருகிறது.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று மகனைக் கேட்டேன். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அந்த ஊசியே ஆபத்தாகிவிடும். மகன் யோசித்தார். "வெள்ளைக் கலர்ல ஒண்ணு டாக்டர். சின்னதா இருக்கும். அப்புறம் ரோஸ் கலர்ல பாதி." என் பதினோரு வருஷத்தில் இந்தப் பதிலைக் கேட்காத ஒரு ஷிப்ட் கிடையாது.

ஆகவே, இவ்வளவு நேரம் சிலிண்டருக்குப் பக்கத்தில் பொறுமையாக நின்ற உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இன்றைக்கே, இதைப் படித்து முடித்த கையோடு, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதையும் சேர்த்து, பர்ஸில் வையுங்கள். எழுத நேரமில்லை என்றால் அட்டையோடு மஞ்சப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். இங்கே வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். கலரைச் சொல்லாதீர்கள்.